வால்நட் பலகையில் பிள்ளையார்

கிங்ஸ்பரி, லண்டன்
03.02.1991

தம்பி பாலேந்திரா அறிவது,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நீ வேலை செய்கிற பெற்றோல் ஷெட்டுக்கு வந்துபோன ஆட்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள்.

மூன்று வருடமாக உன் குரலைக் கேட்பதில்லை என்று இருக்கிறேன். அதை மாற்றுகிற எண்ணம் இல்லாதபடியால்தான் ரெலிபோனை எடுக்காமல் முத்திரை ஒட்டுகிறேன்.

என் பிள்ளை பிறேமினிக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. மாப்பிள்ளை சிவனேசன், ஒஸ்லோவில் கப்பல் கம்பனியில் எஞ்சினியர். தகப்பன் இல்லை, தாய் மட்டும்தான். படம் பார்த்துச் சம்மதித்துவிட்டார்கள். ஓகஸ்ட் 24, சனிக்கிழமை முகூர்த்தம். அவர்கள் வருவது நாலு நாள் முன்னர்தான்.

கலியாணத்தன்று விடியப் பிள்ளையைக் குளிப்பாட்டித் தோய வார்க்கும்போது தேங்காய் உடைக்கத் தாய்மாமன் வேண்டும். எனக்கு வேறு தம்பி இருந்தால் உனக்கு எழுதமாட்டேன். மற்றது, கராஜில் ஆறு வருடமாக வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறாயே ஒரு பழைய பென்ட்லி கார், அதில்தான் பிள்ளையை மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒஸ்லோக்காரர் எங்களையும் ஆட்கள் என்று மதிக்கட்டும்.

கடைசியாக, உன் வாய். 88இல் எட்மண்டன் ஆட்கள் பெண் பார்க்க வந்து என் சோபாவில் இருக்க, நீ தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “பிள்ளைக்கு இடது கால் போலியோவிலை சூம்பினது. தெரியுந்தானே?” என்று கேட்டாய். வடையைக்கூடத் தொடாமல் எழும்பிப் போனார்கள். இந்த முறை வாயைப் பூட்டித் திறப்பை என்னிடம் தா.

உன்னோடு பிறந்த பாவத்துக்கு,
கனகாம்பிகை

*

மிச்சம், லண்டன்
17.02.1991

அக்காவுக்கு,

உங்கள் பிரஷர் எப்படி? கடிதத்தைப் பார்க்க நல்ல உயரத்தில் இருப்பதாகவே தெரிந்தது. அத்தானுடைய சுகத்தையும் கேட்டதாகச் சொல்லுங்கள். வீட்டில் அவருக்குக் கதைக்க இடம் கிடைத்தால் அவர் பதில் சொல்லட்டும்.

எந்தப் படத்தைப் பார்த்துச் சம்மதித்தார்கள்? கதிரையில் இருத்தி, சேலையைக் கால்மாட்டில் விரித்து, பக்கத்தில் ஒரு பூச்சாடியும் வைத்து எடுத்தீர்களே, அந்தப் படமா? இருபத்தேழு வயதுப் பிள்ளை நின்று எடுத்த படம் ஒன்றுகூட உங்கள் வீட்டில் இல்லை. ஒஸ்லோக்காரருக்குக் கால் விஷயம் தெரியுமா என்று ஒரு வரி எழுதுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

காரைப் பற்றி. அது தடவுகிற சாமான் இல்லை. அந்த நாளில் பென்ட்லிக்காரர் எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டும் கொடுப்பார்கள். உடம்பு கட்டுகிற பட்டறை வேறு. வாங்குகிற ஆளின் உயரம், தொப்பி, முதுகு எல்லாவற்றுக்கும் அளவெடுத்து, ஆஷ் மரத்தில் கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி வளைத்துப் போர்த்துவார்கள். ஆகையால் என்னுடையதைப் போல இன்னொன்று இந்த உலகத்தில் இல்லை. 1954ஆம் ஆண்டு வண்டி. கியர்கூடத் தானாக மாறும். ஒரு கிழவியின் கோழிக்கூட்டுக்குள் கிடந்ததை வெளியே எடுத்தபோது மரத்தில் பாதி உக்கிப்போயிருந்தது. இப்போது ஓடுகிறது. முன் ஆசனம் மட்டும் முடியவில்லை. ஆளை இருத்தி அளவெடுத்துத்தான் அதற்குப் பஞ்சு வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிறேமினி வருகிறபடியால் அவளுடைய அளவை எடுத்தேன்.

உங்கள் பொய்க்கு அதை வாகனமாகத் தர மாட்டேன்.

பாலேந்திரா

*

கிங்ஸ்பரி
10.03.1991

தம்பி அறிவது,

எல்லாரும் சுகம். உன் கடிதம் வந்த அன்றும் சுகமாகத்தான் இருந்தோம், அதை உடைக்கும் வரைக்கும்.

பொய் என்று எழுதுகிறாய். கதிரையில் இருந்து படம் எடுப்பது எந்த ஊரில் பொய்? அவர்கள் கால் எப்படி என்று கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது உன்னுடைய வியாதி.

நான் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறேன். அம்மியில் வைப்பது வலது கால். இடது காலுக்குப் பூட்டுகிற இரும்பைக் கூறைச் சேலை மறைக்கும். அக்கினியைச் சுற்றும்போது மாப்பிள்ளை கை பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம், மெல்ல நடந்தால் அடக்கமான பிள்ளை என்பார்கள். மிச்ச நேரம் மணவறையில் இருக்கைதான். மாப்பிள்ளை வீட்டார் வருமுன் காரைப் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் நடக்கிற தூரமும் இல்லை. தாலி ஏறின பிறகு யார் என்ன செய்ய ஏலும்?

அளவெடுப்புக் கதையையும் பார்த்தேன். சாரதி இருக்கிற ஆசனத்துக்கு அவளுடைய அளவு எதற்கு? ஞாயிறு பின்னேரம் கையில் கிறீசோடு வருகிறாள். “என்ன செய்தனி?” என்று கேட்டால், “மாமாவுக்கு லைற் பிடிச்சனான்” என்று சொல்லிச் சிரிக்கிறாள். ஒரு லைற்றைப் பிடிப்பதில் அப்படி என்ன சிரிப்பு?

ஆறு வருடமாகியும் அந்தக் காருக்கு நீ ஒரு பூசை செய்யவில்லை. அது முடியாமல் இழுபடுவதற்குக் காரணம் அதுதான்.

கனகாம்பிகை

*

மிச்சம்
15.04.1991

கனகாம்பிகை அவர்களுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நேற்றுச் சித்திரை வருடப்பிறப்பு. எல்லாரும் லீவு கேட்டபடியால் ஷெட்டில் என்னைத்தான் போட்டார்கள். பின்னேரம் கராஜுக்குப் போனால் பூட்டு வேறு மாதிரித் தொங்குகிறது. பிறேமினியின் கைப்பையிலிருந்து திறப்பை எடுத்தீர்களாம். ஐயரையும் கூட்டிக்கொண்டு, அத்தான் கையில் ட்ரில் மெசினும் கொடுத்துக்கொண்டு வந்தீர்களாம்.

நாலு சில்லுக்குக் கீழேயும் எலுமிச்சம்பழம் நசிந்து கிடந்தது. அது போகட்டும். தேங்காயை நிலத்தில் உடைத்தால் பிள்ளையார் ஏற்றுக்கொள்ள மாட்டாரா? முன் மட்கார்டில் உடைத்திருக்கிறீர்கள். கையால் தட்டின அலுமினியம் அக்கா, இரும்பில்லை. என் பெருவிரல் போகிற அளவுக்குப் பள்ளம். சந்தனத்தைப் புதுப் பெயின்ரில் காயவிட்டிருக்கிறீர்கள், வட்டமாக வெளுத்துப்போயிருக்கிறது.

இதெல்லாவற்றையும் என்னால் சரிசெய்ய ஏலும். காருக்குள் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற முன்பலகையை என்ன செய்வது? ஒரே வால்நட் மரத் துண்டைச் சீவி, புத்தகத்தை விரித்தாற்போல் இடதும் வலதும் ஒட்டின பலகை. இந்தப் பக்கத்து ரேகை அந்தப் பக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கும். அதன் நட்டநடுவில் ஓட்டை போட்டு, ஆணி முறுக்கி, பித்தளைப் பிள்ளையாரை இருத்தியிருக்கிறீர்கள்! மரம் வெடித்து நிற்கிறது. அந்த மரத்துக்கு இனி சோடி கிடையாது.

இன்னொரு முறை அந்தக் கராஜ் பக்கம் வந்தீர்களானால் உடன்பிறப்பென்று பார்க்க மாட்டேன்.

பாலேந்திரா

*

கிங்ஸ்பரி
28.04.1991

தம்பி அறிவது,

உனக்குச் சுகமில்லை என்று எழுதினாய். எத்தனையோ வருடமாக நான் சொல்லி வருவதுதான்.

ஒரு ஓட்டைக்கு ஒரு புராணம் பாடியிருக்கிறாய். எங்கள் ஆட்களில் யார் கார் வாங்கினாலும் முன்னுக்குப் பிள்ளையார் இருப்பார். அத்தானுடைய டட்சனிலும் ஆணியில்தான் இருக்கிறார், அந்தக் கார் அழவில்லை. உனக்குத் துணிவிருந்தால் அவரைக் கழற்றிப் பார். அதன் பிறகு வருகிறதை நீதான் அனுபவிக்க வேண்டும்.

உன் கடிதத்தில் மட்கார்ட் இருக்கிறது, மரம் இருக்கிறது, சந்தன வட்டம்கூட இருக்கிறது. என் பிள்ளையின் கலியாணத்தைப் பற்றி ஒரு வரியில்லை.

இனிமேல் பிறேமினி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வரமாட்டாள். சொல்லிவிட்டேன். இரண்டு கிழமையாக என்னோடு கதைக்கிறாள் இல்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கிறாள். அவளை அப்படிப் பழக்கி வைத்தவன் நீ.

உனக்குக் கலியாண அழைப்பிதழ் வராது. தேங்காயை அத்தானே உடைப்பார்.

கனகாம்பிகை

*

மிச்சம்
12.05.1991

அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

அழைப்பிதழை நீங்களே வைத்திருங்கள். நான் சொல்வது இதுதான்: ஜூன் முப்பதாம் திகதிக்குள் அந்தப் பையனுக்கு நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் நான் சொல்லுவேன். ஒஸ்லோ நம்பர் என்னிடம் இருக்கிறது.

தாலி ஏறின பிறகு ஒருவரும் ஒன்றும் செய்ய ஏலாது என்று எழுதினீர்கள். செய்ய ஏலும். ஒவ்வொரு நாளும் அவளைப் பார்த்து, “ஏமாத்திப்போட்டியள்” என்று சொல்ல ஏலும். நோர்வேயில் பனிக்குள் நாலு சுவருக்கு நடுவில் அதைக் கேட்கப்போவது நீங்கள் இல்லை.

பாலேந்திரா

*

கிங்ஸ்பரி
26.05.1991

பாலேந்திரா,

சுகத்தைப் பற்றி எழுத மனமில்லை. மூன்று நாளாக நித்திரையில்லை.

நீ சொல்லுவாய். எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ ஏற்கெனவே ஒருமுறை சொன்னவன். எட்மண்டன் ஆட்கள் போனபிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? உண்மையைச் சொன்ன பெருமையோடு நீ மிச்சத்துக்குப் பஸ் ஏறிவிட்டாய். பிள்ளை உடுத்த சேலையோடு போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். நாலு நாள். நான் சோற்றைக் குழைத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். “அம்மா, லைற்றை நிப்பாட்டுங்கோ” என்றாள். நீ அந்த நாலு நாளும் அலுமினியம் தட்டிக்கொண்டிருந்திருப்பாய்.

எனக்கு ஐம்பத்தெட்டு. அத்தானுக்கு இரண்டு முறை நெஞ்சு நொந்துவிட்டது. நாங்கள் போனபிறகு அந்தப் பிள்ளை யாருடைய கையைப் பிடித்துப் படி இறங்கும்? உன்னுடைய உண்மையைப் பிடித்துக்கொண்டா? எனக்குப் பயமாக இருக்கிறது. இரவு பகல் பயம்தான். ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தால் உனக்கு விளங்கும்.

இந்தக் கலியாணத்தை நீ குழப்பினால் என் செத்த வீட்டுக்கும் வராதே.

கனகாம்பிகை

*

கிங்ஸ்பரி
30.06.1991

பாலேந்திரா,

இன்றைக்கு முப்பதாம் திகதி. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ரெலிபோன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஒஸ்லோதான் என்று ஓடிப்போய் எடுக்கிறேன். காலையில் அடித்தது, ஜன்னல் விற்கிற கம்பனி. நீ செய்துவிட்டாயா, இல்லையா? அதையாவது எழுது.

கனகாம்பிகை

*

மிச்சம்
14.07.1991

அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் கொஞ்சம் தடிமனும் தும்மலும், வேறொன்றும் இல்லை.

நான் ஒஸ்லோவுக்கு ரெலிபோன் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

தோய வார்க்கிற அன்று விடிய வருவேன், தேங்காய் உடைப்பேன். பிறகு நீங்களும் அத்தானும் உங்கள் டட்சனில் முன்னால் மண்டபத்துக்குப் போங்கள். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க நீங்கள் அங்கே நிற்க வேண்டும். சொன்ன நேரத்துக்குக் கார் வரும்.

பூவும் சரிகையும் காருக்குக் கட்டக்கூடாது. மட்கார்டைத் தட்டி எடுத்துவிட்டேன்.

பாலேந்திரா

*

கிங்ஸ்பரி
01.09.1991

பாலேந்திரா,

நீ சுகமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன குறை? வென்றவன் நீ. எனக்குப் பிரஷர் நூற்றெண்பது என்று டொக்டர் சொல்லுகிறார். அவரிடம் உன் பெயரைச் சொல்லவில்லை.

“சொன்ன நேரத்துக்குக் கார் வரும்” என்று எழுதினாய். யார் ஓட்டி வருவது என்று எழுதவில்லை. அந்த வரியை நான் இப்போது எத்தனை தரம் வாசித்துவிட்டேன் தெரியுமா?

மாப்பிள்ளை வீட்டார் பிந்தித்தான் வருவார்கள் என்று நம்பிக்கொண்டு பின்வாசலில் ஒரு கதிரையும் போட்டு வைத்திருந்தேன். அவர்களோ நேரத்தோடு வந்து முன்வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் மாப்பிள்ளை, தலைப்பாகையோடு. நாதஸ்வரக்காரர் வாசிக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கார் முன்வாசலில் வந்து நிற்கிறது. கறுப்பும் சாம்பலுமாய், ஒரு வீடு உருண்டு வந்த மாதிரி. வாசித்தவர்களே நிறுத்திவிட்டார்கள். உன்னைச் சாரதி ஆசனத்தில் தேடுகிறேன், நீ பக்கத்து ஆசனத்தில் மடியில் தாம்பாளத்தோடு இருக்கிறாய். ஓட்டி வந்தவள் என் மகள்! மணப்பெண்! மாம்பழப் பட்டு உடுத்தி, நெற்றிப்பட்டம் கட்டி, இரண்டு கையாலும் அந்தப் பெரிய வளையத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுக் கதவைத் திறந்தாள். முதலில் நிலத்தில் வைத்தது எந்தக் காலை? இரும்பு பூட்டின காலை. முந்நூறு பேர் பார்க்க.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளைப் பொடியன் வரிசையை விட்டு இறங்கிப் போனான். அவளைப் பார்த்த பிறகு குனிந்து காருக்குள் தலையை விட்டு, “நீர் சொன்ன ரெண்டு பெடல் இதுதானோ?” என்று கேட்டான். “ஓம், கிளச்சு இல்லை. இடது காலுக்கு வேலையே இல்லை” என்றாள் இவள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். ஜூன் மாதமே வேலை செய்கிற லைப்ரரியிலிருந்து ரெலிபோன் எடுத்து அவனுக்குச் சொல்லிவிட்டாளாம். காலையும் சொல்லி, லைசென்ஸ் எடுத்ததையும் சொல்லிவிட்டாளாம். உனக்கும் சொன்னாளாம். அதுதான் “ஏன் என்று கேட்காதீர்கள்” என்று எழுதினாய்.

இதெல்லாம் பெரிதில்லை. மாப்பிள்ளையின் தாய் என் பக்கத்தில் வந்து நின்று, மெல்லமாகத்தான் சொன்னா: “எனக்கும் அப்பவே தெரியும். நாலு நாளும் நீங்கள் பிள்ளையை இருத்தி இருத்தி வைச்சதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். இண்டைக்குச் சொல்லுவியள், நாளைக்குச் சொல்லுவியள் எண்டு பாத்தனான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.” என் வீட்டுக்கு வந்துபோய், என் கையால் சாப்பிட்டுக்கொண்டு பார்த்திருக்கிறா. நான் அவவுக்கு முன்னால் பிள்ளையைக் கதிரையோடு கதிரையாக நகர்த்தியதெல்லாம் அவவுக்குத் தெரியும். அவவுக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. பெற்ற தாயை இப்படி மேடையில் ஏற்றிவிட்டு இரண்டு பேரும் வேடிக்கை பார்த்தீர்கள். இதை நான் மன்னிக்க மாட்டேன்.

பிள்ளையாரை நீ கழற்றவில்லை என்பதைக் கண்டேன். அதற்கு நன்றி சொல்வேன் என்று இருந்துவிடாதே.

வியாழக்கிழமை ஒஸ்லோவுக்குப் போய்விட்டாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அவள் ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடுதான் இருந்தாள். அந்த நேரமெல்லாம் என்ன கதைப்பாள்? என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. அதை எழுது. காரைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே.

கனகாம்பிகை

*

மிச்சம்
08.09.1991

அக்காவுக்கு,

மருந்தை ஒழுங்காகக் குடியுங்கள். இதைப் பகையோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் குடியுங்கள்.

மன்னிக்க வேண்டாம். உங்கள் மன்னிப்பை நான் கேட்கவில்லை. பெற்ற தாய்க்கு ஒளிக்க எங்கே பழகினாள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். என் கராஜில் இல்லை.

கேட்டதற்குப் பதில். அதிகம் கதைக்கமாட்டாள். லைப்ரரியில் நடந்தது சொல்வாள். ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தொடங்கின பிறகு ரோட்டைப் பற்றிக் கதைப்பாள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பாள். முதல் வருடமும் கேட்டாள், கலியாணத்தன்று தேங்காய் உடைத்துவிட்டு நான் கை கழுவும்போதும் வந்து நின்று கேட்டாள். “மாமா, அம்மாவுக்கு என்னைப் பாத்தால் வெக்கமோ?”

லைற்றைப் பிடி என்று சொல்லிவிட்டுக் காருக்குக் கீழே போய்விடுவேன்.

அது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியில்லை. அவளுடைய ஒஸ்லோ நம்பரை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் நிற்பாள்.

பாலேந்திரா